அயோனியன் தீவுகளில் பாய்மரப் படகு விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸின் மேற்குக் கடலில் நான்கு முறை, முறைக்கு ஒரு வாரம், பாய்மரப் படகில் சுற்றியிருக்கிறேன். முதல் இரண்டு முறை சும்மா உட்கார்ந்து வந்தேன். அடுத்த இரண்டு முறை சுக்கான் என் கையில் இருந்தது. படங்களைப் பார்த்த நாளிலிருந்து சொந்தக்காரர்களும் கூட வேலை செய்பவர்களும் ஒரே சந்தேகங்களைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்ததால் இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கிரீஸ்னா சாந்தோரினி, நீலக் கூரை, அதானே? இது எந்தப் பக்கம்?

அது கிழக்கே, ஏஜியன் கடலில். நான் சொல்வது மேற்கே, இத்தாலியைப் பார்த்த பக்கம் இருக்கும் அயோனியன் கடல். கோர்ஃபு, பாக்சோஸ், லெஃப்கடா, இத்தாக்கா, கெஃபலோனியா, சாகிந்தோஸ் ஆகியவை முக்கியத் தீவுகள். நீலக் கூரை, வெள்ளைச் சுவர் எல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். வெனிஸ்காரர்கள் பல நூற்றாண்டுகள் ஆண்ட இடம் என்பதால் வீடுகள் காவி, மஞ்சள், ரோஜா நிறங்களில் ஓட்டுக்கூரையோடு இருக்கும். மழை நன்றாகப் பெய்யும் பகுதி. மலைகள் தண்ணீர் விளிம்பு வரை பச்சையாக இறங்கி வரும்.

படகு விடுமுறைக்குப் பெரும்பாலானோர் வருவது இந்தத் தீவுகளின் நடுப்பகுதிக்கு. மேற்கே லெஃப்கடா, கிழக்கே கிரேக்கப் பெருநிலம், இடையில் மெகானிசி, கலாமோஸ், காஸ்டோஸ், அட்டோகோஸ் என்று சின்னத் தீவுகள். படகுக்காரர்கள் இதை 'உள்கடல்' என்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஏன் என்று புரியும், ஏரி மாதிரி இருக்கும்.

"அலை இல்லாத கடல்"னு சொல்றீங்க. கடல்ல எப்படி அலை இல்லாம இருக்கும்?

அலையே இல்லை என்று நான் சொன்னதில்லை, பெரிய அலை எழும்ப இடமில்லை என்றேன். காற்று நீண்ட தூரம் தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடினால்தான் அலை உயரும். திறந்த கடலிலிருந்து வரும் அலையை லெஃப்கடாவும் கெஃபலோனியாவும் மதில் மாதிரி மறித்துவிடுகின்றன. உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் சில மைல்களில் ஒரு கரை. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் கணக்கில் சேராத அளவுதான். காலையில் கட்டிய கயிறு மாலையிலும் அதே நீளத்தில் இருக்கும்.

காற்றுக்கும் ஒரு நேர ஒழுங்கு உண்டு. கோடையில் காலை முழுக்கக் கடல் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும். நண்பகல் தாண்டியதும் வடமேற்கிலிருந்து ஒரு காற்று எழும். உள்ளூரில் அதற்கு 'மாயிஸ்ட்ரோஸ்' என்று பெயர். பிற்பகலில் பத்து முதல் இருபது நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) வரை வீசி, சூரியன் சாய்ந்ததும் அடங்கிவிடும். ஏஜியன் பக்கம் 'மெல்டெமி' இரவு பகல் பாராமல் நாட்கணக்கில் அடிக்கும். புதியவர்களை அங்கே போகாதே, இங்கே போ என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. இத்தாக்காவுக்கும் கெஃபலோனியாவுக்கும் நடுவே உள்ள கால்வாயில் காற்று புனலில் ஊற்றியது போல வேகம் பிடிக்கும். கலாமோஸ் உயரமான மலைத்தீவு. அதன் சரிவிலிருந்து திடீர் திடீரென்று காற்று இறங்கும். தண்ணீர் கருத்து, ஓடி வருவது போலத் தெரிந்தால் உடனே பாயைத் தளர்த்துங்கள்.

எனக்குப் படகு ஓட்டவே தெரியாது. அப்போ இது எனக்கில்லையா?

முதல் முறை எனக்கும் தெரியாது. மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்கிப்பரோடு படகை எடுக்கலாம். அவர் ஓட்டுவார், நீங்கள் விருப்பப்பட்டால் கயிறு இழுக்கலாம், இல்லையென்றால் வெயில் காயலாம். இரண்டாவது, படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவது. மூன்றாவது ஃப்ளோட்டிலா. பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரே வழியில் போகும், தலைமைப் படகில் ஒரு ஸ்கிப்பரும் எஞ்சின் பார்க்க ஒருவரும் இருப்பார்கள். பகலில் அவரவர் பாட்டுக்குப் போகலாம். மாலையில் துறையில் கயிறு வாங்கிக் கட்ட ஆள் நிற்கும். இந்த முறை 1970களில் கிரேக்கக் கடலில்தான் பிரபலமானது.

நீங்களே ஓட்டும் ஆசை இருந்தால் என் ஆலோசனை இது: முதல் வருடம் ஸ்கிப்பர், இரண்டாம் வருடம் ஃப்ளோட்டிலா, அப்புறம் தனியாக. ஒரு படி தாண்டிக் குதித்தவர்களைத் துறையில் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

லைசென்ஸ் கேப்பாங்களா, இல்ல சும்மா சொல்றாங்களா?

கட்டாயம் கேட்பார்கள். ஓட்டுபவரிடம் கிரீஸ் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ் இருக்க வேண்டும். ஐசிசி என்ற சர்வதேசப் படகோட்டும் தகுதிச் சான்றிதழ், பிரிட்டனின் படகோட்டிகள் சங்கமான ஆர்.ஒய்.ஏ. வழங்கும் டே ஸ்கிப்பர் செயல்முறைச் சான்றிதழ் போன்றவை ஏற்கப்படும். வகுப்பில் உட்கார்ந்து எழுதிய தேர்வுச் சான்றிதழ் மட்டும் போதாது, தண்ணீரில் ஓட்டிக் காட்டியதற்கான சான்று வேண்டும். கூடவே படகு அனுபவமுள்ள இரண்டாவது நபர் ஒருவரையும் காட்ட வேண்டும். அவருக்குப் பெரும்பாலும் எழுத்துமூல உறுதிமொழி போதும். பணம் கட்டும் முன்பே சான்றிதழின் நகலை வாடகை நிறுவனத்துக்கு அனுப்பி, 'இது செல்லும்' என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

நீச்சல் தெரியாது. குழந்தை வேற இருக்கு. வரலாமா?

வரலாம். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டு. குழந்தையின் எடையை முன்பே சொன்னால் அதற்கேற்ற அளவு எடுத்து வைப்பார்கள். படகைச் சுற்றியுள்ள கம்பி வேலியில் வலை கட்டித் தரச் சொல்லியும் கேட்கலாம். எங்கள் படகில் நீச்சல் தெரியாத பெரியவர் ஒருவருக்கும் ஏழு வயதுப் பெண்ணுக்கும் ஒரே சட்டம்: பாய் விரித்திருக்கும்போதும், இருட்டிய பிறகு மேல்தளத்தில் நடக்கும்போதும் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். பெரியவர்தான் முரண்டு பிடித்தார்.

எந்த மாசம் போறது நல்லது?

மே கடைசி, ஜூன், செப்டம்பர் முதல் பாதி. பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடியும். ஜூலை, ஆகஸ்டில் வெயில், கூட்டம், விலை மூன்றும் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் 15 கிரேக்கர்களுக்கு மாதாவின் பெரிய திருநாள். அந்த வாரம் நாடே கடற்கரையில் இருக்கும், துறையில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பள்ளி விடுமுறையை வைத்து மே மாதம் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் இன்னும் குளிராகத்தான் இருக்கும். நம்மூர்க் கடலில் குளித்துப் பழகியவர்கள் குதித்த வேகத்தில் ஏறிவிடுவார்கள்.

எப்படிப் போய்ச் சேர்றது? விசா?

லெஃப்கடாவுக்குப் பக்கத்து விமான நிலையம் பெருநிலத்தில் இருக்கும் பிரெவேசா (ஆக்டியோன்). கி.மு. 31இல் ஆண்டனியும் கிளியோபாத்ராவும் ஆக்டேவியனிடம் தோற்ற ஆக்டியம் கடற்போர் நடந்தது அந்த முனைக்கு வெளியேதான். ஏதென்ஸிலிருந்து பேருந்திலும் வரலாம், அரை நாள் போய்விடும். லெஃப்கடா தீவானாலும் கப்பல் ஏற வேண்டாம். மிதக்கும் பாலம் ஒன்று பெருநிலத்தோடு இணைக்கிறது. படகுகளுக்காக அது பொதுவாக மணிக்கு ஒரு முறை விலகி வழி விடும். கோர்ஃபுவிலிருந்து தெற்கே வரும் படகுகள் அதற்காக வட்டமடித்துக் காத்திருப்பதைப் பார்க்கலாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். 'எங்கே தங்குகிறீர்கள்' என்ற கட்டத்தில்தான் எல்லாரும் முழிக்கிறார்கள். படகின் வாடகை ஒப்பந்தத்தில் எல்லாப் பயணிகளின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கும் மாதிரி கேட்டு வாங்கி இணையுங்கள். முதல், கடைசி இரவுகளுக்கு ஒரு விடுதி முன்பதிவும் இருந்தால் நல்லது.

ஒரு வாரம் படகுலயே என்ன பண்றது? போர் அடிக்காதா?

ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குப் பேக்கரியில் சூடான ஸ்பனாகோபிட்டா, அதாவது கீரையும் ஃபெட்டா சீஸும் வைத்த பஃப், வாங்கி வருவீர்கள். ஒன்பது மணிக்குக் கட்டவிழ்த்துக் காற்றில்லாத கடலில் எஞ்சின் போட்டு ஒரு குடாவுக்குப் போவீர்கள். அங்கே நங்கூரம், குளியல், மதியச் சாப்பாடு. ஒரு மணிக்குக் காற்று எழுந்ததும் பாய் விரித்து இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டம். மாலைக்குள் அடுத்த ஊர்.

மொத்தத் தூரம் பத்துப் பதினைந்து கடல் மைல்தான். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். படகின் வேகம் மணிக்கு ஐந்து கடல் மைல். சைக்கிள்காரர் முந்திவிடுவார். அந்த வேகம் பிடிக்காதவர்களுக்கு நிச்சயம் போர் அடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை.

எவ்வளவு ஆகும்?

படகின் வாடகை அளவையும் மாதத்தையும் பொறுத்தது. அதே படகு ஆகஸ்டில், மே மாதத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். அதனால் தொகை சொல்வதைவிட, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இல்லாத செலவுகளைச் சொல்கிறேன்: கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம், டீசல், படுக்கை விரிப்பு, ரப்பர்ப் படகுக்கு எஞ்சின், சில துறைகளில் கட்டணம், தண்ணீர். ஸ்கிப்பர் வைத்தால் நாளுக்கு 200 யூரோ வாக்கில் ஆகும். அவருக்கு ஒரு படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. எட்டுப் பேர் படகில் ஸ்கிப்பரையும் சேர்த்து எட்டு, இதை மறந்து ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டு அல்லாடியவர்கள் உண்டு.

இன்னொன்று வைப்புத்தொகை. கிரெடிட் கார்டில் பெரிய தொகையை நிறுத்தி வைப்பார்கள், சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தால் விடுவிப்பார்கள். கார்டின் வெளிநாட்டு வரம்பை வங்கியில் உயர்த்தி வைக்காமல் வந்து, மரீனா அலுவலகத்தில் மூன்று பேரின் கார்டைத் தேய்த்துப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. படகைப் பெறும்போது கீறல், ஓட்டை, கிழிசல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊட்டி பஸ்லயே வாந்தி வரும்...

மேலே சொன்ன மாதிரி அலை சின்னது, அதனால் பெரும்பாலானோர் தப்பித்துவிடுகிறார்கள். ஓடும்போது உள்ளே இறங்காதீர்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள், தூரத்து மலையைப் பாருங்கள். சுக்கானைக் கையில் கொடுத்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சின்னரைசின் போன்ற மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு, குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரை வெளியேதான் வரும்.

கூச்சமா இருக்கு, ஆனாலும் கேட்டுடறேன். டாய்லெட் எப்படி?

எல்லாரும் தனியாக அழைத்துக் கேட்கும் கேள்வி இது. ரயில் கழிவறையைவிடச் சின்ன அறை. பக்கத்தில் கைப்பம்பு. ஒரு விசையைத் தள்ளினால் கடல்நீர் உள்ளே வரும், இன்னொரு பக்கம் தள்ளினால் எல்லாம் வெளியேறும். இருபது தடவையாவது பம்ப் அடிக்க வேண்டும். குழாய் ஒடுக்கமானது, அதனால் காகிதம் போடவே கூடாது. அதற்குத் தனிப் பை. இதில் வெள்ளைக்காரர்கள் திணறுவார்கள், நமக்கு லாபம்: வாஷ்பேசின் குழாயே இழுத்தால் நீளும் கைஷவராக இருக்கும். தண்ணீர்ப் பழக்கம் உள்ளவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் தண்ணீர் கணக்கு. நடுத்தரப் படகில் முந்நூறு லிட்டர் வாக்கில் இருக்கும், ஏழெட்டுப் பேருக்கு. குளியல் கடலில், அப்புறம் பின்பக்க மேடையில் இருக்கும் நன்னீர் ஷவரில் அரை நிமிடம். துறைக்குள்ளும் குளிக்கும் குடாவிலும் கழிவைத் தொட்டியில் சேர்த்து, கரையிலிருந்து தள்ளிப் போய்த்தான் திறந்துவிட வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே காட்டச் சொல்லுங்கள்.

நாங்க சுத்த சைவம். ரொட்டியும் தக்காளியும்தானா?

இல்லவே இல்லை. கிரேக்கச் சமையலில் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகை என்றே தனிப் பிரிவு உண்டு, 'லதெரா' என்பார்கள். பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்த கிகாந்தெஸ், கத்தரி, உருளை, சீமைச்சுரைக்காய் சேர்த்து அடுப்பில் வைத்த பிரியாம், எலுமிச்சை பிழிந்த கீரை, பட்டாணிப்பருப்பு மசியலான ஃபாவா. ஃபாவாவைப் பார்த்து எங்கள் பெரியம்மா 'தாளிக்க மறந்துட்டாங்க' என்றார், மறு தட்டும் வாங்கினார்.

இரண்டு கண்ணிகள். அரிசி அடைத்த தக்காளியிலும் திராட்சை இலைச் சுருளிலும் சில கடைகளில் கொத்திறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம், 'நிஸ்டிசிமோ' என்று கேட்டால் நோன்புச் சாப்பாடு கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. ஆனால் கணவாய், இறால் எல்லாம் அவர்கள் நோன்பில் ஆகும். எங்கள் மேசைக்கு ஒரு தடவை ஆக்டோபஸ் கால் வந்தது.

குக்கர், மிக்ஸி, கருவேப்பிலை எல்லாம் எடுத்துட்டு வரலாமா?

குக்கர் வரலாம், படகில் இருப்பது கேஸ் அடுப்பு. மிக்ஸி, மின்சாரக் குக்கர் வேண்டாம். கரை மின்சாரம் இணைத்திருக்கும்போது மட்டுமே 230 வோல்ட், கடலில் 12 வோல்ட் பேட்டரிதான். நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் வேண்டும். கைபேசிக்குக் கார் சார்ஜர் போதும்.

பச்சைக் கருவேப்பிலை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர முடியாது. இலை, காய், பழம் எதற்கும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும், விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன். தேங்காய் வரலாம், நெய் வரக்கூடாது, பால்பொருள் தடை. பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் போதும். அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, நல்ல கெட்டித் தயிர் எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். அந்தத் தயிரில் பிசைந்த தயிர்சாதத்தை எங்கள் ஸ்கிப்பர் ஸ்பூனோடு வந்து கேட்டு வாங்கினார்.

கடல்ல ஓட்டுறதைவிட கரையில கட்டுறதுதான் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்களே, ஏன்?

சரியாகச் சொல்கிறார்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். இங்கே படகைத் துறைக்குப் பக்கவாட்டில் கட்ட இடம் கிடையாது. கார் நிறுத்துமிடத்தில் ரிவர்ஸ் எடுப்பது போல, பின்புறத்தைக் கரைக்குக் காட்டி நிறுத்த வேண்டும். மூன்று நான்கு படகு நீளம் தள்ளி முன்பக்க நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னால் வந்து, இரண்டு பின்கயிறுகளைக் கரையில் கட்டி, அப்புறம் நங்கூரச் சங்கிலியை இறுக்க வேண்டும். இத்தனையும் நடப்பது காற்று உச்சத்தில் இருக்கும் பிற்பகல் நான்கு மணிக்கு, துறை முழுக்கக் காபி கோப்பையோடு பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது.

இத்தாக்கா தீவின் கியோனி துறையில் என் முதல் முயற்சி இப்படி: நங்கூரத்தைக் கரைக்கு மிக அருகில் போட்டுவிட்டேன். சங்கிலி பதினைந்து மீட்டர்தான் வெளியே போயிருந்தது. கயிறு கட்டியாயிற்று, எல்லாரும் கை தட்டியாயிற்று. சங்கிலியை இறுக்கினால் அது இறுகவே இல்லை, நங்கூரம் சமர்த்தாக எங்களை நோக்கி நடந்து வந்தது. கட்டவிழ்த்து, வெளியே போய், மறுபடி. மூன்றாவது தடவைதான் பிடித்தது. ஆழத்தைப் போல நாலைந்து மடங்கு சங்கிலி வெளியே இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். அந்தச் சாயங்காலம்தான் உடம்பில் ஏறியது.

செய்ய வேண்டியவை: மூன்று மணிக்குள் துறைக்கு வாருங்கள். ஃபெண்டர்களை, அதாவது படகு இடிக்காமல் தாங்கும் ரப்பர் மெத்தைகளை, வெளியிலேயே தொங்கவிடுங்கள், கயிறுகளை முன்பே எடுத்து வையுங்கள். முன்பக்கம் நிற்பவரும் சுக்கானில் நிற்பவரும் கத்திப் பேசாமல் கைச்சைகை பழகிக்கொள்ளுங்கள். கணவன் மனைவியாக இருந்தால் மிக மிக அவசியம். காற்றில் படகு பக்கவாட்டில் போனால் காலை வைத்துத் தடுக்காதீர்கள். எட்டு டன் படகைக் கால் நிறுத்தாது, ஃபெண்டர் நிறுத்தும். தாவெர்னா எனப்படும் உணவகங்கள் சில சொந்தமாகப் படகு மேடை வைத்திருக்கின்றன. இரவு அங்கே சாப்பிட்டால் கட்டுவது இலவசம், ஆளே வந்து கயிறு வாங்குவார்.

நங்கூரம் அடுத்தவங்க சங்கிலியில மாட்டிக்கிட்டா?

கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்தோ துறையில் ஆகஸ்ட் மாதம் இது தினசரிச் சடங்கு. இத்தனை பேர் ஒரே சின்னத் துறையில் நங்கூரம் போட்டால் சங்கிலி மேல் சங்கிலி விழத்தான் செய்யும். என் நங்கூரம் பக்கத்து ஜெர்மன்காரர் சங்கிலி மேல் கிடந்தது. காலை ஏழு மணிக்கு அவர் தன்னுடையதை எடுக்க, என்னுடையதும் கூடவே மேலே வந்தது. கோபப்படாமல் ஒரு கயிற்றை எடுத்தார்.

வழி இதுதான். மாட்டிய சங்கிலி தெரியும் வரை நங்கூரத்தை மேலே கொண்டு வாருங்கள். ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் கொடுத்து இரு முனைகளையும் உங்கள் படகின் முன்புறத்தில் கட்டுங்கள். இப்போது சங்கிலியின் பாரம் கயிற்றில். உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் கழன்றுவிடும். அதைத் தூக்கிவிட்டுக் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து விடுங்கள். விரலை மட்டும் சங்கிலிக்கு நடுவே கொண்டு போகாதீர்கள்.

குடாவுல நங்கூரம் போடும்போது எங்க போடறதுன்னு எப்படித் தெரியும்?

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் அடி தெரியும். வெளிர் நிறத் திட்டு மணல், அங்கே போடுங்கள். கரும்பச்சைத் திட்டு பொசிடோனியா கடற்புல். அதில் நங்கூரம் வழுக்கும், புல்லும் கிழியும். நூற்றாண்டுக் கணக்கில் வளரும் புல் அது, மீன்குஞ்சுகளின் தொட்டில். இந்தத் தீவுகளில் கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் அதிகமாக இருக்கும், அதனால் நங்கூரம் போட்டுவிட்டு ஒருவர் நீந்திப் போய்ப் பின்கயிற்றைப் பாறையிலோ மரத்திலோ கட்டுவது வழக்கம்.

ஒரு வாரத்துல எந்தெந்தத் தீவு பார்க்கலாம்?

லெஃப்கடாவின் நித்ரியிலிருந்து கிளம்பினால் நான் போகும் வட்டம்: முதல் இரவு மெகானிசி. துறைக்கு நேர் மேலே பாறை உச்சியில் ஸ்பார்தோகோரி கிராமம். வளைந்து வளைந்து ஏறினால் சந்துகளில் பாட்டிகள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள், கீழே நம் படகு தீப்பெட்டி அளவில் தெரியும். அடுத்து கலாமோஸ் அல்லது காஸ்டோஸ். கலாமோஸின் தெற்கே போர்ட் லியோனே என்ற கைவிடப்பட்ட ஊர் இருக்கிறது. 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்துக்குப் பின் மக்கள் விட்டுப் போனார்கள். மாதா கோயிலை மட்டும் இன்னும் பராமரிக்கிறார்கள். இடிந்த சுவர்களுக்கு நடுவே அந்த ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் இருக்கும்.

மூன்றாம் நாள் அட்டோகோஸில் மதிய நிறுத்தம். ஆள் குடியிருக்காத தீவு, கரையில் ஒரே ஒரு வீடு. பன்றிகள் கடற்கரைக்கு வந்து படகுகளை எதிர்பார்க்கும். அங்கிருந்து இத்தாக்கா, ஹோமரின் காவிய நாயகன் ஒடிஸியஸின் ஊர் என்று சொல்லப்படுவது. கியோனியும் வாதியும் ஆளுக்கொரு அழகு, எனக்குக் கியோனி, மேலே சொன்ன அவமானத்துக்குப் பிறகும். பிறகு கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்தோ. 1953இல் தீவு முழுக்கத் தரைமட்டமானபோது தப்பித்த ஊர், அதனால் பழைய வெனிஸ் பாணி வீடுகள் அங்கே நிற்கின்றன. அழகாக இருப்பதால் கூட்டம் தாங்காது. கடைசி இரவு லெஃப்கடாவின் சிவோட்டா, மறுநாள் நித்ரி.

சாகிந்தோஸையும் கோர்ஃபுவையும் இதே வாரத்தில் திணிக்காதீர்கள்.

ஓனாசிஸ் தீவுல இறங்கலாமா?

நித்ரிக்கு எதிரே உள்ள ஸ்கோர்பியோஸ். கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஓனாசிஸ் 1963இல் வாங்கினார். 1968 அக்டோபர் 20 அன்று ஜாக்குலின் கென்னடியை அங்கேதான் மணந்தார். 2013இல் ரஷ்யச் செல்வந்தர் குடும்பத்துக்குக் கைமாறியது. தனியார் தீவு, உள்ளே போக முடியாது. காவலர்கள் இருக்கிறார்கள். தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகலாம். மரங்கள்தான் தெரியும்.

புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?

கோடையில் அபூர்வம், செப்டம்பர் நடுவிலிருந்து கவனம் வேண்டும். 2020 செப்டம்பரில் 'இயானோஸ்' என்ற மத்தியதரைக்கடல் சூறாவளி கெஃபலோனியா, இத்தாக்கா, சாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கிப் படகுகளை மூழ்கடித்தது. அது பல நாட்கள் முன்பே வானிலை வரைபடத்தில் தெரிந்த புயல். 2011 செப்டம்பரில் நடந்தது வேறு மாதிரி. நித்ரிக்குப் பக்கத்து விலிகோ குடா நாலு பக்கமும் மூடிய, சேற்றுத் தரையுள்ள இடம், 'இங்கே ஒன்றும் ஆகாது' என்று எல்லாரும் ஒதுங்கும் இடம். அங்கேயே திடீர்ச் சுழல்காற்று சில நிமிடங்களில் படகுகளைப் புரட்டிப் போட்டது.

அதனால் நான் காலை, மாலை இரு வேளையும் முன்னறிவிப்பு பார்க்கிறேன். இடி மேகம் திரண்டால் அன்று கிளம்புவதில்லை. வாடகை ஒப்பந்தங்களில் இத்தனைக்கு மேல் காற்று அடித்தால் துறையை விட்டுப் போகக்கூடாது என்ற வரம்பும் இருக்கும், படித்து வையுங்கள். அவசரத்துக்கு வானொலியில் 16ஆம் அலைவரிசை, தொலைபேசியில் கடலோரக் காவல்படை 108, பொது எண் 112. நம்மூர் ஆம்புலன்ஸ் எண்ணும் 108 என்பதால் எங்கள் வீட்டில் யாரும் மறப்பதில்லை.

கோர்ஃபுவுல இருந்து அல்பேனியா கைக்கெட்டற தூரம்தானே, ஒரு எட்டுப் போயிட்டு வரலாமா?

கண்ணுக்குத் தெரியும் தூரம், உண்மைதான். ஆனால் அல்பேனியா ஷெங்கன் பகுதிக்கு வெளியே. உங்கள் விசாவில் ஒரே ஒரு நுழைவு என்று இருந்தால், சரண்டா துறையில் இறங்கிய பிறகு கிரீஸுக்குத் திரும்ப அது உதவாது. படகு ஒரு நாட்டில், நீங்கள் ஒரு நாட்டில். பலமுறை நுழையும் விசா இருந்தாலும் வாடகை நிறுவனத்தின் அனுமதியும் காப்பீடும் தனியாக வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினரோடு போகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அவருக்கு விசாவே வேண்டாம், 'வாங்க போகலாம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்.

மூணு குடும்பம் சேர்ந்து போறோம். சண்டை வராதா?

இரண்டாம் நாள் வரும். பெரும்பாலும் அறையைப் பற்றி. முன்பக்க அறை விசாலம், ஆனால் இரவில் அலை அதன் அடியில் தட்டிக்கொண்டே இருக்கும். பின்பக்க அறைகளுக்கு நடுவே எஞ்சின், வெக்கை. பணம் கட்டும் முன்பே சீட்டுக் குலுக்கி யாருக்கு எது என்று முடிவு செய்துவிடுங்கள். பொதுச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு டப்பாவில் போட்டு அதிலிருந்தே எடுங்கள். பாத்திரம் கழுவும் முறையைப் பட்டியல் போட்டு ஒட்டுங்கள், ஆண்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.

அப்புறம், பெரிய சக்கரம் வைத்த பெட்டி கொண்டு வராதீர்கள். மடித்து வைக்க முடியாத எதற்கும் படகில் இடம் கிடையாது. போன தடவை என் மைத்துனர் கொண்டு வந்த பெட்டி, அவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவே ஏழு இரவும் படுத்துக்கொண்டு வந்தது.